கடைக்காரர் வேடம் போட்ட என் தம்பிக்கு

தம்பி,

நடிப்பை விடுகிறேன் என்று ஏஜென்டுக்கு எழுதிய மடலில் எனக்கும் ஒரு பிரதி போட்டிருந்தாய். எனக்கென்று தனியாக ஒரு வரியும் இல்லை. போன் எடுத்தால் “பிறகு கதைக்கிறன் அக்கா” என்பாய், அந்தப் பிறகு வருவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் உன் பேச்சு அடிபட்டால் நீ கட்டாயம் வந்து பார்ப்பாய். அந்தக் குணம் நீ நடிகனாவதற்கு முன்பே உன்னிடம் இருந்தது.

ஏன் விடுகிறாய் என்று கேட்கப்போவதில்லை. உனக்கு வந்த வேடங்கள் எனக்கும் மனப்பாடம். ஆனால் அந்த மடலில் ஒரு வசனம் என்னைக் கடித்தது. இந்தப் பிரித்தானியாவின் சோப் நாடகங்கள், ரீவியில் வருஷக்கணக்காக ஓடுகிற தொடர்கள், எங்களை ஒருநாளும் ஆளாக மதித்ததில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒருநாளும் என்றால்? நீ அவற்றைப் பார்த்தால்தானே. ஒத்திகை, வகுப்பு, நண்பர்கள் என்று வெளியில் திரிந்தாய். பார்த்தது நானும் அம்மாவும். நைட் டியூட்டிக்கு வெளிக்கிட முன்னம், தேத்தண்ணியோடு, கிழமையில் எத்தனை நாள் போட்டார்களோ அத்தனை நாளும்.

பிபிசியின் ஈஸ்ட்எண்டர்ஸ் தொடருக்கு 2025 பெப்ரவரியில் 40 வயதானது. அந்தக் கிழமை நேரடி ஒளிபரப்பு. டெனிஸ் ஜாக்கிடம் போவதா ரவியிடம் போவதா என்று பார்க்கிற சனத்திடமே வாக்குக் கேட்டார்கள். ஒரு கறுப்பினப் பெண், ஒரு வெள்ளைக்காரப் பொலிஸ்காரன், பனேசர் வீட்டுச் சண்டியன். அம்மா ரவிக்குப் போடச் சொல்லி நின்றா. “வடிவான பெடியன், கொலைகாரன் எண்டாலும் பரவாயில்லை” என்றா. வென்றது ஜாக். அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை. எனக்கு அதில் பிடித்தது வேறு. அந்த மூன்று பேரின் நிறத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. ஆர் ஆரோடு சேருவது என்பதுதான் பேச்சு.

அது சும்மா வரவில்லை என்பது எனக்கும் தெரியும். நீ மேடைப் பேச்சில் சொல்வதை நான் வீட்டுக்குள்ளிருந்து சொல்கிறேன். 1985 பெப்ரவரி 19 இல் தொடங்கிய அந்த நாடகத்தில் தொடக்க வருஷத்திலேயே சயீத், நயீமா என்று ஒரு வங்காளதேசத் தம்பதி இருந்தார்கள். பலசரக்குக் கடை. அவர்கள் போகக் கரீம் குடும்பம் வந்தது. அதே கடை. 1999 இல் மற்றச் சனலில், கொரோனேஷன் ஸ்ட்ரீட் என்ற நாடகத்தில், தேவ் அலகான் வந்தார். அவருக்கும் தெருமுனைக் கடைதான். ஆள் மாறும், கல்லாப்பெட்டி மாறாது. 1960 இல் தொடங்கிய கொரோனேஷன் ஸ்ட்ரீட் தன் தெருவில் முதல் கறுப்பினக் குடும்பத்தைக் குடியேற்ற 2019 ஆனது. வட இங்கிலாந்தின் ஒரு தெரு அவ்வளவு காலம் அப்படியா இருந்தது? கிழக்கு லண்டனில் எங்கள் நியூஹாமையே எடு. 2011 கணக்கெடுப்பில் வெள்ளைப் பிரித்தானியர் 16.7 வீதம். ஈஸ்ட்எண்டர்ஸ் நடக்கிற வால்ஃபர்ட் என்பது கற்பனைதான், ஆனால் கிழக்கு லண்டன் என்று சொல்லித்தானே விற்கிறார்கள். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் பஸ்ஸுக்கு நிற்கிற ஐந்து நிமிஷத்தில் காதில் விழுகிற தமிழ், இத்தனை வருஷத்தில் அந்த வால்ஃபர்ட்டின் அல்பர்ட் சதுக்கத்தில் என் காதில் விழுந்ததில்லை.

இதிலெல்லாம் உனக்கும் எனக்கும் சண்டையில்லை. சரி.

ஃபெரேராக்களை ஞாபகமிருக்கிறதா? 2001 இல் பிபிசியின் தலைமை இயக்குநர் கிரெக் டைக், தன் நிறுவனம் அருவருப்பான அளவுக்கு வெள்ளையாக இருக்கிறது என்று தானே வானொலியில் சொன்னார். 2003 இல் ஈஸ்ட்எண்டர்ஸில் ஃபெரேரா குடும்பம் வந்து இறங்கியது. ஒன்றுக்கு மற்றதுதான் காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன், ஆனால் அழைப்பிதழ் கொடுத்தாயிற்றே என்று உள்ளே விட்ட விருந்தாளிகள் மாதிரித்தான் அவர்கள் அங்கே நின்றார்கள். பெயரைக் கேட்டதும் அப்பாவுக்கு என்ன புளுகம்! மன்னாரில் பெர்னாண்டோவும் பெரேராவும் டயஸும் சூழ வளர்ந்த மனுசன். எங்கட நிறத்தில், போர்த்துக்கேயப் பெயரோடு, ரீவியில் ஒரு குடும்பம். “பார், ஞாயிறு பூசைக்கு வெளிக்கிடுவினம்” என்று காத்திருந்தார். பிள்ளைகளின் பெயர் ஆதி, ஆஷ், ரொனி, கரீனா. பிறகு ஒரு தாரிக். எந்தச் சமயம், வீட்டில் என்ன பாஷை, கோபம் வந்தால் எந்த ஊர்ச் சொல் வாயில் வரும், ஒன்றையும் எழுதினவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. தகப்பனாக வந்தவர் தலீப் தாஹில், அம்மா இந்திப் படங்களில் பார்த்து ஏசிய வில்லன். வேலை அனுமதிச் சிக்கலில் அவர் போகவேண்டி வர, கதையில் இருந்த தகப்பனும் காணாமல் போனார். அவரைச் சுற்றிப் பின்னிய கதையையே மாற்றி எழுதினார்கள். அதே நாடகத்து வெள்ளைக்காரப் பெடியன் பென் மிச்செலுக்கு எத்தனை நடிகர்கள் மாறினார்கள், பென் மட்டும் இருந்துகொண்டே இருந்தான். ஃபெரேராவுக்கு அந்தச் சிரமம் எடுக்க ஒருவரும் தயாராயில்லை. 2005 இல் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். அப்பா பூசையைப் பார்க்கவேயில்லை.

அப்பா என்றதும் மற்றது எல்லாம் ஒதுங்கிப் போகிறது. எழுதியே தீரவேண்டும்.

உன்னுடைய அந்த இரவு. எந்த நாடகம், எந்த வருஷம் என்று இங்கே எழுதவில்லை. உனக்கு ஒப்பந்தங்கள் இருக்கும், எனக்கு வழக்குக்குப் பயம். வரவேற்பறை நிறையச் சனம். மாமா ஆக்கள், பெரியம்மா, பக்கத்து வீட்டுக் கானா நாட்டு அன்ரி கூட. அம்மா மட்டன் ரோல்ஸ் சுட்டு அடுக்கியிருந்தா. அப்பா பெற்றோல் செட்டில் லீவு போட்டுவிட்டு, சேர்ட் மாற்றி, தலை இழுத்து, கலியாணவீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். நீ வந்தாய். கல்லாவுக்குப் பின்னால். இரண்டு பெடியள் கத்தியோடு. நீ கையைத் தூக்கினாய். வாயைத் திறந்தாய்.

அப்பா வந்தார்.

‘ப்ளீஸ்’ என்பதை அவர் இழுக்கிற இழுவை. கடைசியில் ஒட்டவைக்கிற அந்த ‘சேர்’. பயந்தால் குரல் ஒரு படி மேலே போகுமே, அது. மூன்று வயதில் இங்கே வந்த பெடியன், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் பரிசு வாங்கினவன், அந்த ஆங்கிலத்தை எங்கேயோ வைத்துவிட்டு அப்பாவின் ஆங்கிலத்தை உடுத்திக்கொண்டு நின்றாய்.

முதலில் சிரித்தது நான். பிறகுதான் எல்லோரும். ரோல்ஸ் புரையேறும் அளவுக்கு மாமா சிரித்தார். சிரிப்பு அடங்க அப்பா ஒருவரையும் பார்க்காமல் கேட்டார்: “நான் உப்பிடியோ கதைக்கிறனான்?”

அம்மா, “சும்மா இருங்கோ, பெடியன் நல்லாச் செய்தவன்” என்றா. கடைசியில் எழுத்து ஓடியது. உன் பெயருக்கு எதிரே ‘கடைக்காரர்’. கடைக்காரருக்கு ஒரு பெயர் வைக்கக்கூட நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு வங்கிக்கோ கவுன்சிலுக்கோ போன் எடுக்கவேண்டி வந்தால் அப்பா ரிசீவரை என்னிடம் நீட்டத் தொடங்கினார். “நீ கதை பிள்ளை, உனக்குத்தான் வடிவா வரும்.” அவர் கல்லாவில் நின்று ஒவ்வொரு இரவும் அந்த ஆங்கிலத்தில்தான் எங்களைப் படிப்பித்தார் என்பதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொல்கிறேன், ஏனென்றால் நீ ஒருநாளும் அதை வாயால் சொல்லவில்லை.

பல காலத்துக்குப் பிறகு நீ சொன்ன விளக்கம் இது: “இந்திய அக்சென்ட் வேணுமெண்டு கேட்டாங்கள் அக்கா. எனக்குத் தெரிஞ்சது அப்பான்ரை மட்டும்தான்.” அன்றைக்கு அதைக் கேட்டு எனக்கு உன்னில் பாவமாக இருந்தது. ஒரு அறை நிறைந்த ஆட்களுக்கு முன்னால் தனியாக நின்ற பெடியன், கேட்டதைக் கொடுக்காவிட்டால் அடுத்தவன் வரிசையில் நிற்கிறான். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். வார்டில் என் பெயரைச் சொல்ல வராதவர்களுக்கு நானே ஒரு சின்னப் பெயர் வைத்துக் கொடுக்கவில்லையா?

இன்றைக்கு அதே விளக்கம் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. மேடையில் ஏறினால் ‘அவர்கள்’ என்று தொடங்குகிறாய். அவர்கள் எழுதினார்கள், அவர்கள் கேட்டார்கள். உண்மை. அவர்கள் கேட்டது ஏதோ ஒரு குரல். அப்பாவின் குரலை எடுத்துக் கொடுத்தது நீ. நான் சிரித்ததற்கு வருந்துகிறேனா? வருந்துகிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு நக்கல் மட்டும் இல்லை. எங்கட வீட்டுச் சத்தம் ரீவிக்குள்ளிருந்து வந்ததே என்ற அதிர்ச்சி அது. அப்பா இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். உன்னிடம் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்?

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிக் கிழமை பற்றி இங்கே எழுதமாட்டேன். சொந்தக்காரர் வாசிக்கிறார்கள். உனக்குப் படப்பிடிப்பு இருந்தது, அவ்வளவுதான்.

மசூத் குடும்பத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அவர்களை நீ அட்டைப் பொம்மைகள் என்றாய். 2007 இல் ஈஸ்ட்எண்டர்ஸுக்கு வந்தார்கள். பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பம். ஸைனப்பாக நடித்த நீனா வாடியா பம்பாய்ப் பார்சி, மசூதாக நடித்த நிதின் கணாத்ரா கென்யாவில் பிறந்த குஜராத்தி. “எல்லா மண்ணிறமும் ஒன்றென்று நினைக்கிறாங்கள்” என்று நீ குதித்தாய். நியாயம்தான். ஆனால் ஸைனப்பின் வாய்! போஸ்ட் ஒபிஸில் நின்று ஊரையே பிடிபிடியென்று பிடிப்பாளே. அம்மா பார்த்த முதல் நாளே, “இவள் எங்கட பெரியம்மாதான்” என்றா. (பெரியம்மா, நீங்கள் வாசித்தால், இது புகழ்ச்சி.) ஃபெரேராக்கள் நல்லவர்களாயிருந்து அலுப்படித்தார்கள். ஸைனப் பெருமைக்காரி, பொய் சொல்வாள், அயலட்டையைக் குத்திக் கதைப்பாள். ஒரு ‘பிரச்சினை’யும் இல்லாத நாளில்கூட அவளுக்கு அந்தச் சதுக்கத்தில் செய்ய ஏதோ இருந்தது. நான் சிறுபான்மைப் பாத்திரத்தை அளக்கிற அளவு அதுதான். கத்தியும் கட்டாயக் கலியாணமும் இல்லாத செவ்வாய்க்கிழமையில் அவருக்கு என்ன வேலை வைத்திருக்கிறார்கள்?

சரி, பிரச்சினையும் வந்தது. 2009 இல் மகன் சையத், கிறிஸ்டியன் என்ற ஆணைக் காதலிக்கிறான், 2010 புதுவருஷத்தன்று அமீராவைக் கட்டிவைக்கிறார்கள். ஸைனப் மகனை ஒதுக்கிய காட்சியைப் பார்த்து அம்மா கோபத்தோடு சொன்னா: “பெத்த பிள்ளையைக் கலைச்சுப்போட்டு இவளுக்கு எப்பிடிச் சோறு இறங்குது?” அம்மாவின் வாயிலிருந்து அந்த வசனம் வந்தது எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு என்ன செய்தது என்பதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் ‘ஒருநாளும்’ என்று எழுதியிருக்கிறாய்.

அந்த வீட்டு மகன் தம்வாராக நடித்த ஹிமேஷ் பட்டேல் 2019 இல் டேனி பொயிலின் படத்தில் கதாநாயகன் ஆனதும் நீ கொஞ்ச நாள் ஒருவருக்கும் முகம் கொடுக்கவில்லை. அதை நான் பொறாமை என்று நினைக்கவில்லை. ஒரு ஆள் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடுவார்கள் என்ற பயம். அது உனக்குள் எவ்வளவு காலமாக இருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கே உன் வீட்டுக்கு வந்திருக்கவேண்டும். சோறு கட்டிக்கொண்டு.

நீ பார்க்காத இன்னொன்றையும் சொல்கிறேன். 2009 இல் ஒரு இரவு, ஈஸ்ட்எண்டர்ஸில், கறுப்பின நடிகர்கள் மட்டுமே வந்த ஒரு அத்தியாயம் போட்டார்கள். பட்ரிக்காக ருடோல்ஃப் வோக்கர், லண்டனில் கறுப்பினத்தவரைத் தாக்கிய 1958 நொட்டிங்ஹில் கலவரத்தில் தான் பார்த்ததைச் சொல்கிறார். கிழவனின் முகம் மட்டுமே போதுமாக இருந்தது. அப்படி ஒன்று வர 24 வருஷம் எடுத்தது என்று நீ சொல்வாய். சொல். ஆனால் வந்தது.

2019 இலிருந்து பனேசர் குடும்பம். சூக்கியை நீ ஒரு கிழமையாவது பார்க்கவேண்டும். பிள்ளைகள் கைநழுவிப் போகக்கூடாதென்று தனக்குப் புற்றுநோய் என்று பொய் சொன்ன தாய். புருஷனுக்குப் பயந்து நடுங்கினவள், ஈவ் என்ற பெண்ணைக் காதலித்து வெளியில் வந்தவள். அவள் செய்கிற அநியாயத்துக்குச் சீக்கிய சமூகம் பதில் சொல்லவேண்டும் என்று எழுத்தாளர்கள் நினைக்கவில்லை. அவள் கெட்டவள், அவ்வளவுதான். உனக்கு நடிக்கக் கிடைக்காதது அதுதான், தம்பி. உன்னைக் கொள்ளையடித்தார்கள், குத்தினார்கள், விசா இல்லாமல் பிடித்தார்கள், ஒரு தரம் டொக்டராக்கி இரண்டு வரி தந்தார்கள். உன்னை அயோக்கியனாக இருக்க ஒருவரும் விடவில்லை. விட்டிருந்தால் நீ பிய்த்து உதறியிருப்பாய் என்று வீட்டில் உன்னோடு வளர்ந்த எனக்குத் தெரியும்.

வாத்தியார் வேலைக்குப் போகிறாயாம், நாடகம் படிப்பிக்க. நல்லது. எங்கட பிள்ளையள் வந்து அக்சென்ட் செய்து காட்டினால் நீ என்ன சொல்வாய் என்று எனக்கு அறிய ஆசை.

இன்னொன்று. அந்த இரவின் டிவிடியை எறியச் சொல்லி அம்மாவிடம் சொன்னாயாம். அது என்னிடம் இருக்கிறது. எறியமாட்டேன். கலியாண வீடியோக்கள் எல்லாவற்றிலும் அப்பா தமிழ்தான் கதைக்கிறார். அவருடைய ஆங்கிலம் வேறெங்கும் பதிவில் இல்லை. பிரதி வேண்டுமென்றால் எடுத்துத் தருகிறேன். எறிய என்று கேட்டு வந்தால் கதவு திறக்கமாட்டேன்.

அக்கா