கொழிஞ்சாம்பாறையிலிருந்து அப்பா

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் மட்டும் பழையபடி. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ராத்திரியெல்லாம் பனையோலைகளைப் போட்டு அடிக்கிறது. நேற்று சரியான தூக்கமில்லை.

தூக்கம் வராததற்குக் காற்று மட்டும் காரணமில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒன்று மனதிலேயே நிற்கிறது. நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியின் ஸ்வெட்டர் வேறு யாருடைய அலமாரிக்கோ போய்விட்டது, "லாண்டரிக்காரங்களுக்கு ஒரு வேலையும் உருப்படியா தெரியலப்பா" என்று சலித்துக்கொண்டாய். நைட் டியூட்டி முடிந்த களைப்பில் வந்த பேச்சு, எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போது நீ அந்த மாடிக்கே பொறுப்பு. அந்த லாண்டரி அறைக்குள் ஒரு நாளாவது போய் நின்று பார்த்திருக்கிறாயா கண்ணு?

இதைக் கேட்கிற நானே முதல் ஒரு வருஷம் அப்படித்தான் இருந்தேன். உன் அம்மா போன மறு வருஷம், 2019-இல், இந்த முதியோர் இல்லத்துக்கு வந்தேன். வார்டன், நர்ஸ், வாரம் ஒரு தரம் வரும் டாக்டர், இவர்கள்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் மடித்த வேட்டி கட்டில்மேல் இருக்கும். அதை யார் துவைத்தார் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

அவரை எல்லோரும் வேலந்தாவளத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கிருந்து முதல் பஸ்ஸில் வருவார். பின்கட்டில் தகரக் கொட்டகை, ஒரு மெஷின், துவைக்கிற கல், வெந்நீர் அண்டா. உங்கள் இல்லத்தில் 65 டிகிரியில் பத்து நிமிஷமாவது, 71 டிகிரியில் மூன்று நிமிஷமாவது துணி சூட்டில் இருக்கவேண்டும் என்று கணக்கு வைத்திருப்பதாக நீ ஒருமுறை சொன்னாய். இங்கே டிகிரி காட்டும் மெஷின் இல்லை. மலஜலம் பட்ட துணியை முதலில் தனியே பிரித்து, அலசி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் வெந்நீர், அப்புறம் வெயில். மற்றத் துணியோடு அது ஒருநாளும் சேராது. கோடையில் இந்தப் பக்கம் தண்ணீருக்கு என்ன பாடு என்று உனக்கே தெரியும். லாரி வராத நாளில்கூடப் படுக்கை விரிப்பு இல்லாமல் நாங்கள் யாரும் படுத்ததில்லை.

பெயர் எழுதினால் பிளீச்சிங்கில் அழிந்துவிடுகிறது. அவருக்கு மலையாளம் படிக்கவும் வராது. அதனால் ஒவ்வொருவர் துணியிலும் ஓரத்தில் நூல் அடையாளம் வைத்திருக்கிறார். எனக்குப் பச்சை, இரண்டு தையல். பக்கத்துக் கட்டில் மாஷுக்கு, அதுதான் வாத்தியாருக்கு, நீலமும் மஞ்சளும். இருபத்தாறு பேருடைய நிறமும் அவருக்கு மனப்பாடம். நான் தலையணை உறைக்குள் விட்டுவிட்ட பல்செட்டைத் தண்ணீரில் போடுமுன் தடவிப்பார்த்து எடுத்துக்கொடுத்தவரும் அவர்தான்.

மாஷ் விஷயத்தைச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

மாஷ் பக்கவாதம் வந்து படுத்தவர். வாய் பேசாது. ஒருநாள் அக்கா ஒரு விரிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நர்ஸ் அறை வாசலில் தயங்கி நின்றார். நீலமும் மஞ்சளும் தைத்த விரிப்பு. நடுவில் ஒரு ரூபாய்க் காசளவுக்கு வெளிறிய கறை. "மூணு நாளா இதே எடத்துலதான் இருக்குதுங்க. இது மூத்திரக் கறை இல்லீங்க" என்றார். நர்ஸ் போய் மாஷைப் புரட்டிப் பார்த்தால், முதுகின் அடியில், வாலெலும்புக்கு மேலே தோல் அப்போதுதான் உடைந்திருக்கிறது. படுக்கைப் புண். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எலும்பு வரை போயிருக்கும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைத்தார்கள், காற்று மெத்தை வந்தது, புண் ஆறியது.

மாஷின் மகன் வந்து டாக்டருக்கும் நர்ஸுக்கும் கைகூப்பி நன்றி சொன்னார். அக்கா பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் அம்மிணி. "முதலில் கண்டுபிடித்தது அவர்" என்று ஒரு வார்த்தை நானும் சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அடுத்த வாரத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் கொட்டகைக்குப் போய்த் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அவர் விரல்களைப் பார்த்தேன். நகக்கண் எல்லாம் வெந்து வெளுத்திருந்தது.

சமையல் சேச்சியும் அப்படித்தான். விழுங்க முடியாதவர்களுக்கு உணவின் பதத்தை 0 முதல் 7 வரை எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள் என்று நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே கஞ்சியைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துக் காட்டினார். "மாஷுக்கு இது மொத்தமா ஒரே உருண்டையா விழணும், கரண்டியில ஒட்டக்கூடாது." அதே சோதனைதான் அங்கேயும் என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, வீட்டுக்குப் போனால் திரும்பி வர முடியாது என்று இரண்டு மாதம் ஸ்டோர் ரூமில் பாய் விரித்துப் படுத்தார். அவர் பெண்ணுக்கு அப்போது பரீட்சை. மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் வீடு, பஸ்ஸில் அரைமணி நேரம்கூட இல்லை.

இன்னும் மோட்டார் பார்க்கிற அண்ணன், விடியுமுன் வராந்தா துடைக்கிற பாட்டி என்று இருக்கிறார்கள். பிறந்தநாளுக்கும் திதிக்கும் சாப்பாடு போட வருகிறவர்கள் எங்களோடும் வார்டனோடும் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எச்சில் இலை எடுக்கிறவர் அந்தப் போட்டோவில் இருந்து நான் பார்த்ததில்லை.

அதனால் ஐப்பசியில் அம்மா திதிக்கு நீ அனுப்பும் பணத்தில் இந்தத் தடவை சாப்பாடு வேண்டாம். முழங்கை வரை வரும் நல்ல ரப்பர் கையுறை நாலு ஜோடி, கொட்டகையில் ஒரு ஃபேன், குனியாமல் துவைக்கக் கல்லை இடுப்பளவுக்கு உயர்த்திக் கட்டும் கொத்தனார் கூலி. வார்டனிடம் பேசிவிட்டேன், சரி என்றார். உன் அம்மாவும் இதைத்தான் கேட்டிருப்பாள். அவள் கையால் துவைத்த காலம் உனக்கு நினைவிருக்கும்.

அங்கே அந்த லாண்டரிப் பெண்மணியை நாளைக்குப் போய்ப் பார். எத்தனை பேர் துணி ஒருவர் தலையில் விழுகிறது, அடையாளம் எதில் போடுகிறார்கள், மெஷின் சரியாக ஓடுகிறதா என்று கேள். விரிப்பில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் நேராக உன்னிடமே வந்து சொல்லலாம் என்று சொல்லிவிட்டு வா.

இன்னொன்று. இங்கே கிடைக்கிற நூல் இரண்டு மாதத்தில் சாயம் போய்விடுகிறது. சாயம் போகாத நூல் அங்கே இருந்தால் வரும்போது பத்து நிறத்தில் வாங்கி வா. அக்காவே கேட்டார்.

அன்புடன்,
அப்பா