ஓட்டுப்போட வருகிறவரிடம் குடியுரிமைச் சான்று கேட்கத் துடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப்போட புகைப்பட அட்டையும் கட்டாயம், குடியுரிமைச் சான்றும் கட்டாயம் என்று மசோதா எழுதிக்கொண்டிருக்கும் சட்டமன்றக்காரர்களே, அதையே மன்றத்தில் தீர்மானமாகக் கொண்டுவரும் உறுப்பினர்களே, நீங்கள் எந்த நாட்டில் உட்கார்ந்து எழுதினாலும் சரி, எல்லோருக்கும் வணக்கம்.

கள்ள ஓட்டே கிடையாது என்று சத்தியம் செய்கிற ஆள் இல்லை நான். ஓட்டுப்போட வருகிறவர் தான் இன்னார் என்று காட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு உங்களோடு சண்டையே இல்லை. இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் சேர்த்துக் கேட்கிறீர்களே, அதில்தான் சண்டை. ‘நீங்கள் யார்’ என்ற கேள்விக்கு வாக்குச்சாவடி மேசையில் இருக்கும் அலுவலர் முகத்தையும் படத்தையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்துப் பதில் கண்டுபிடித்துவிடலாம். ‘நீங்கள் இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவரா’ என்ற கேள்விக்குப் பதில் தேடி வழக்குகள் வருடக்கணக்கில் நீதிமன்றங்களில் கிடக்கின்றன. அந்தக் கேள்வியைக் கொண்டுபோய் வரிசையில் நிற்கும் மனிதர்மேல் போட்டால் என்ன ஆகும் என்பது ஏற்கெனவே சில இடங்களில் நடந்து பார்த்தாயிற்று. நீங்கள் புதிதாகச் சோதித்துப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை.

முதலில் படத்தைப் பேசிவிடுவோம், அது சுலபம். இந்தியாவில் டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993இல் வாக்காளர் புகைப்பட அட்டைத் திட்டம் தொடங்கியது. அட்டையைக் கொடுப்பது அரசின் வேலை, செலவும் அரசுடையது. இன்றைக்கும் அந்த அட்டை கையில் இல்லையென்றால் ஆதார், பாஸ்போர்ட், லைசென்ஸ், பான் அட்டை, படம் ஒட்டிய வங்கி பாஸ்புக், வேலை உறுதித் திட்ட அட்டை, ஓய்வூதிய ஆவணம் என்று வேறு பன்னிரண்டில் ஏதாவது ஒன்றைக் காட்டி ஓட்டுப்போடலாம். அலுவலர் கையில் இருக்கும் பட்டியலிலும் வாக்காளரின் படம் உண்டு. விரலில் 1962 தேர்தலிலிருந்து மைசூரில் தயாராகி வரும் அழியாத மை. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது இன்னொன்று. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல் விதிப்படி, ‘இவர் அவரில்லை’ என்று ஒரு பூத் ஏஜென்ட் சேலஞ்ச் செய்ய நினைத்தால் முதலில் இரண்டு ரூபாய் கட்டவேண்டும், அப்புறம் தன் சந்தேகத்துக்கு அவர்தான் ஆதாரம் காட்டவேண்டும், வேண்டுமென்றே வம்பு செய்தார் என்று தெரிந்தால் அந்த இரண்டு ரூபாயும் போய்விடும். தொகை சிரிப்பு வரவழைக்கலாம். ஆனால் சந்தேகப்படுகிறவர்தான் நிரூபிக்கவேண்டும் என்ற கொள்கை அந்த இரண்டு ரூபாயில் இருக்கிறது. உங்கள் மசோதாவில் அது தலைகீழாகத் தொங்குகிறது.

படம் கேட்பதைக் கோணலாகவும் செய்யலாம் என்பதற்கு இங்கிலாந்து. 2022இல் சட்டம் போட்டு, 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் முதல்முறையாகப் புகைப்பட அடையாளம் கேட்டார்கள். குறைந்தது 14,000 பேர் அட்டை இல்லாத காரணத்தால் ஓட்டுப்போட முடியாமல் போனார்கள் என்று அங்குள்ள தேர்தல் ஆணையமே சொன்னது. சாவடிக்கு வந்தவர்களில் இது சுமார் 0.25 சதவீதம்தான், இதற்குப்போய் இவ்வளவு சத்தமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். இது மேசை வரைக்கும் வந்து கணக்கில் ஏறியவர்களின் எண்ணிக்கை மட்டும். வாசலிலேயே ‘அட்டை இருக்கிறதா’ என்று கேட்டு அனுப்பப்பட்டவர்களும், நம்மிடம்தான் அட்டை இல்லையே என்று வீட்டைவிட்டுக் கிளம்பாதவர்களும் இதில் சேரமாட்டார்கள். இன்னொன்று, உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வார்டின் முடிவு ஒற்றை இலக்க ஓட்டில் மாறும். 2017இல் நார்தம்பர்லாந்து கவுன்சிலில் ஒரு வார்டில் இரண்டு வேட்பாளர்களும் சமமாக ஓட்டு வாங்கி, குச்சி எடுத்துப் போட்டு முடிவு செய்தார்கள். அந்த ஒரு குச்சியால் ஒரு கட்சிக்கு மொத்தக் கவுன்சிலிலும் பெரும்பான்மை கைநழுவிப் போயிற்று. இப்படிப்பட்ட இடத்தில் 0.25 சதவீதத்தைச் சில்லறை என்று ஒதுக்க முடியுமா?

அப்புறம் எந்த அட்டை செல்லும் என்ற பட்டியல். முதியோர் பஸ் பாஸ் செல்லும், லண்டனில் கல்லூரி மாணவர் வைத்திருக்கும் படம் போட்ட பயண அட்டை செல்லாது. இரண்டிலும் முகம் இருக்கிறது, பிறகு என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஒழுங்கான பதில் வராது, ‘யாருடைய ஓட்டு எந்தக் கட்சிக்குப் போகும்’ என்ற சந்தேகம்தான் வரும். அப்படியொரு சந்தேகத்துக்கு இடம் கொடுத்தபிறகு தேர்தலில் நம்பிக்கையை வளர்க்கத்தான் இந்தச் சட்டம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 2024 மே தேர்தலில் முன்னாள் ராணுவத்தினருக்கு அரசே கொடுத்த அட்டை செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டு, அமைச்சர் மன்னிப்புக் கேட்டு, பிறகு அதைப் பட்டியலில் சேர்த்தார்கள். இதே தேர்தலில் போரிஸ் ஜான்சன் அட்டை எடுத்துக்கொள்ளாமல் சாவடிக்குப் போய்த் திரும்ப வந்தார். அந்தச் சட்டம் அவர் பிரதமராக இருந்தபோது நிறைவேறியது! பெயரும் முகவரியும் அச்சிட்ட பத்திரிகை உறையை நீட்டிப் பார்த்ததாக அவரே எழுதினார். அவரிடம் வீட்டுக்குப் போய் எடுத்துவர நேரம் இருந்தது, மறுபடி வந்து ஓட்டுப்போட்டுவிட்டார். இரண்டு வேலைக்கு நடுவில் ஓடிவந்து வரிசையில் நிற்கிறவருக்கு அந்த ‘மறுபடி’ கிடையாது.

இங்கிலாந்தில் இந்தச் சட்டத்துக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதி. அங்கு நடந்த மேயர் தேர்தலையே 2015இல் தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது, நிஜமான மோசடிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் அஞ்சல் ஓட்டு மோசடி, லஞ்சம், பொய்ப் பதிவு எல்லாம் வரிசையாக இருக்கின்றன. புதிய சட்டத்தின்படி அஞ்சலில் ஓட்டுப்போடுகிறவர் படம் போட்ட அட்டையைக் காட்டவேண்டியதில்லை. கள்வன் வந்த வழி ஒன்று, நீங்கள் பூட்டுவது இன்னொன்று.

சரி, இனி குடியுரிமைச் சான்று.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2013 தொடக்கத்திலிருந்து வாக்காளராகப் பெயர் சேர்க்க ஆவணச் சான்று கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், இப்படி. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது சுமார் 31,000 பேருடைய பெயர்ச் சேர்ப்பு முடங்கியிருந்தது, புதிதாகப் பதிய வந்தவர்களில் ஏறத்தாழ 12 சதவீதம். சரி, எதிர்ப்பக்கம் எத்தனை? 19 ஆண்டுகளில் பட்டியலில் ஏறிய குடியுரிமை இல்லாதவர்கள் அதிகபட்சம் 39 பேர். கண்ணுக்குத் தெரிவது பனிமலையின் முனைதான், உள்ளே பெரிய மோசடி இருக்கிறது என்று அரசுத் தரப்பு வாதாடியது. பனிமலை எதுவும் இல்லை, இருப்பது ஒரு சிறு பனிக்கூர்தான், அதுவும் பெரும்பாலும் குழப்பத்தாலும் அலுவலகத் தவறாலும் உண்டானது என்று 2018இல் நீதிபதி ஜூலி ராபின்சன் எழுதி அந்தச் சட்டத்தைத் தள்ளினார். 39 பேரைத் தடுக்க 31,000 பேரை நிறுத்திவைப்பது எந்த ஊர் நிர்வாகம்?

அரிசோனா இன்னும் வேடிக்கை. அங்கே சான்று கொடுக்காதவர்கள் ஜனாதிபதிக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஓட்டுப்போடலாம், மேயருக்கும் பள்ளி வாரியத்துக்கும் போட முடியாது. தன் தெருவில் சாக்கடை ஓடுகிறதா என்பதைத் தீர்மானிக்கிற தேர்தலில்தான் அவர் ஒதுக்கப்படுகிறார். 2024இல் ஒரு பழைய கணினித் தவறு வெளியே வந்தது. 1996க்கு முன்பு லைசென்ஸ் வாங்கியவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருடைய சான்று கோப்பில் இருப்பதாக ஓட்டுநர் உரிமத் துறையின் கணினி தவறாகக் காட்டிக்கொண்டிருந்ததாம். அவர்கள் பல வருடமாகப் பட்டியலில் இருந்த வாக்காளர்கள். தேர்தல் நெருக்கத்தில் அவர்களைத் தள்ளக்கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதால் அந்த முறை தப்பித்தார்கள். தவறு செய்தது அரசு அலுவலகம், ஓட்டு போயிருந்தால் போயிருக்கும் ஆள் வேறு.

அதே நாட்டின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வாக்களிக்கும் நாளிலேயே பெயர் சேர்க்கலாம். முன்பு ஆவணம் இல்லாதவர்கள் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், பொய் என்றால் தண்டனை. 2024இல் வந்த புதிய சட்டம் அந்த உறுதிமொழியை எடுத்துவிட்டது. அது முதலில் நடைமுறைக்கு வந்தது 2025 மார்ச் உள்ளூர்த் தேர்தலில்தான், உங்களைப் போன்றவர்கள் அதைத்தான் கவனிக்கவேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பெயரை மாற்றிக்கொண்ட பெண்கள் பிறப்புச் சான்றிதழோடு வந்தால் அதில் பழைய பெயர், கையில் உள்ள அட்டையில் புதுப் பெயர். இரண்டையும் இணைக்கத் திருமணச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். குடியுரிமையில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை, சான்றைத் தேடிக்கொண்டு ஓடுவதில் மட்டும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இந்தியாவுக்கு வந்தால் ஒரு எளிய கேள்வி கேட்கிறேன். குடியுரிமைச் சான்று என்று ஒரே ஒரு அட்டையைக் காட்டுங்கள் பார்ப்போம். ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவருக்கு, சில விலக்குகள் தவிர, பிறந்ததே போதும். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்கவேண்டும். அதற்கும் பிறகு பிறந்தவருக்கு இன்னும் ஒரு படி, மற்ற பெற்றோர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக்கூடாது. ஆக 2005இல் பிறந்த ஒருவர் தன்னை நிரூபிக்க அப்பா அம்மா இருவரையும் நிரூபிக்கவேண்டும். இந்தக் கணக்கைப் போட ஒரு வழக்கறிஞர் வேண்டும், நீங்கள் அதை ஒரு வாக்குச்சாவடி அலுவலரிடம் கொடுக்கிறீர்கள்.

2025இல் பீகாரில் வாக்காளர் பட்டியலுக்கு நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் 2003 பட்டியலில் இல்லாதவர்களிடம் பதினொரு ஆவணங்களில் ஏதாவது ஒன்று கேட்டார்கள். அதில் ஆதாரும் இல்லை, தேர்தல் ஆணையமே கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை. செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு ஆதார் பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது, அதுவும் அடையாளத்துக்கு மட்டும், குடியுரிமைக்கு ஆகாது. வரைவுப் பட்டியலில் விடுபட்ட பெயர்கள் சுமார் 65 லட்சம். இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவு என்றது ஆணையம், அதில் பலவும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பெயர்வாரியாகக் காரணத்தோடு வெளியிடச் சொல்ல ஒரு நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. 1995இலேயே லால் பாபு ஹுசைன் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறவரை முந்தைய அலுவலர் சரிபார்த்துத்தான் சேர்த்திருப்பார் என்று எடுத்துக்கொள்ளவேண்டும், சந்தேகம் வந்தால் என்ன ஆதாரத்தில் சந்தேகம் என்று அவருக்குச் சொல்லி, அவர் பக்கத்தைக் கேட்டபிறகே முடிவெடுக்கவேண்டும்.

நான் கேட்பதும் அதுதான். பிறப்பைப் பதிவு செய்தது நீங்கள், பாஸ்போர்ட் கொடுத்தது நீங்கள், குடியுரிமை வழங்கிய கோப்பும் உங்களிடம். அந்தப் பதிவேடுகளை நீங்களே தோண்டிப் பாருங்களேன், வாக்காளரை ஏன் அலுவலகம் அலுவலகமாக அலையவிடுகிறீர்கள்? சந்தேகப்படும்படி ஏதாவது கிடைத்தால் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், போதிய நாள் கொடுங்கள், விசாரியுங்கள், முடிவு வரும்வரை பெயர் பட்டியலில் இருக்கட்டும். இதெல்லாம் பெயர் சேர்க்கும் கட்டத்தில் தேர்தலுக்கு வெகு முன்னால் நடக்கட்டும், ஓட்டுப்போடும் நாளில் அந்தக் கேள்வியே வரக்கூடாது.

இடையில் ஒன்று. உள்ளாட்சித் தேர்தலுக்குக் குடியுரிமைதான் தகுதி என்று உலகம் முழுக்கச் சட்டம் கிடையாது. ஸ்வீடனில் மூன்று ஆண்டு வசித்த வெளிநாட்டவர் 1976 முதல் உள்ளாட்சிக்கு ஓட்டுப்போடுகிறார். அயர்லாந்தில் அங்கே வசிக்கிற எவரும் போடலாம். பிரிட்டனில் முறையாக வசிக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு உரிமை உண்டு, இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களும் இதில் அடக்கம். இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு மற்ற நாட்டு மசோதாவைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்றால், தயவுசெய்து உங்கள் சட்டத்தை ஒருமுறை முதலில் படித்துவிடுங்கள்.

மசோதாவை முழுக்கக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. படம் வேண்டுமா, சரி, அட்டையை முதலில் எல்லார் கையிலும் இலவசமாகச் சேர்த்துவிட்டு, வடக்கு அயர்லாந்து 2003இல் இலவச அட்டையோடு செய்ததுபோல, பிறகு கட்டாயமாக்குங்கள். அட்டையில்லாமல் வருகிறவருக்கு, கனடாவில் இருப்பதுபோல, அதே சாவடி வாக்காளர் ஒருவர் எழுத்தில் பொறுப்பேற்கும் வழி வையுங்கள். ஒருவர் ஒருவருக்கு மட்டும் என்றால் மோசடிக்கும் வழி குறைவு. அதுவும் முடியாதவரின் ஓட்டைத் தனி உறையில் வாங்கி வையுங்கள், இரண்டு மூன்று நாளில் அட்டையைக் கொண்டுவந்து காட்டினால் எண்ணுங்கள். குடியுரிமைச் சான்றுப் பிரிவை மட்டும் சாவடியிலிருந்து எடுத்துவிடுங்கள், அது அங்கே இருக்கவேண்டிய பொருளே இல்லை.

கடைசியாக, இன்னும் ஒரு பிரிவு சேர்க்கவேண்டும், இதற்குச் செலவும் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், என்ன காரணம், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், வாசலில் அனுப்பப்பட்டவர்களும் சேர்த்து, வார்டு வாரியாக முடிவோடு சேர்ந்தே வெளியாகவேண்டும். வென்றவரின் வித்தியாசமும் அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். இதை மசோதாவில் எழுதச் சம்மதமா என்பதற்கு மட்டும் முதலில் பதில் போடுங்கள், மீதியை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்கிற ஒரு வாக்காளர்