டிரினிட்டி ரக்பி கட்டுரைகள்: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

டப்ளின் பல்கலைக்கழக ஃபுட்பால் கிளப்பின் வரலாற்றைத் தமிழில் எழுதி வந்தேன். அந்தக் கட்டுரைகள் முடிந்துவிட்டன. டப்ளின் டிரினிட்டி கல்லூரி மாணவர்களின் ரக்பி கிளப்புக்குத்தான் அந்தப் பெயர். 1854-ல் தொடங்கி இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் கிளப். படித்தவர்கள் பலரும் எனக்கு நன்றி சொல்கிறார்கள். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததைத்தான் நான் எழுதினேன். அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், அவர்கள் செய்த உதவியை மட்டும் சொல்கிறேன்.

முதல் நன்றி நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் பார்க்க உதவிய அம்மையாருக்கு. கிளப் 1854-ல் தொடங்கியது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டதும், 1855 டிசம்பரில் வெளிவந்த டப்ளின் நாளிதழ்ச் செய்தி ஒன்றைப் பற்றிச் சொன்னார். கல்லூரி மைதானத்தில் கிளப்பின் பழைய உறுப்பினர்களும் புதிய உறுப்பினர்களும் மோதிய ஆட்டம் பற்றிய சின்னச் செய்தி அது. பழைய உறுப்பினர்கள் என்று ஓர் அணியே இருந்தால், கிளப் அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவர் அதை விளக்கிய விதத்தில் எனக்கு வரலாறு படிக்கும் முறையே புரிந்தது. லண்டனில் உள்ள கைஸ் மருத்துவமனை கிளப் 1843-ல் தொடங்கியது என்பார்கள். எது மூத்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்த வாதத்தில் பெரிய அக்கறை இல்லை. எதிர்த்து ஆட ஊரில் வேறு அணி சரியாக இல்லாத காலத்திலேயே, தங்களுக்குள் இரண்டாகப் பிரிந்து ஆடி ஒரு கிளப்பை உயிரோடு வைத்திருந்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அடுத்து, டிரினிட்டிக்காக ஆடிய பெரியவர் ஒருவர். எண்பதைத் தாண்டியவர். சார்லஸ் பாரிங்டனைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். இங்கிலாந்தில் ரக்பி என்ற ஊரிலுள்ள, இந்த ஆட்டத்துக்கே பெயர் தந்த பள்ளியில் படித்துவிட்டு டிரினிட்டிக்கு வந்து கிளப்பின் கேப்டனானவர் பாரிங்டன். இங்கே ஆட்டம் இருந்தது, ஒழுங்கான சட்டம் இல்லை. 1868-ல் கிளப்பின் செயலாளர் வால் சின்ன மேசை ஒன்றின் முன் உட்கார்ந்துகொள்ள, பாரிங்டன் நினைவிலிருந்து ஒவ்வொரு விதியாகச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டே வந்தார். வால் ஒல்லியான, உரமான உடம்புக்காரர், கறுப்புக் குறுந்தாடி, கனிவான கண்கள் என்று பாரிங்டன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெரியவர் இதை எனக்குச் சொன்னபோது, ஏதோ தானே அந்த அறையில் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல விரலால் மேசையைத் தட்டிக் காட்டினார்.

அந்தச் சட்டங்கள் அயர்லாந்தின் மற்ற கிளப்களுக்கும் பரவின. இங்கிலாந்தின் ரக்பி யூனியன் தோன்றித் தன் சட்டங்களை வகுத்தது 1871-ல்தான். அதற்கு மூன்றாண்டு முன்பே இரண்டு மாணவர்கள் செய்த வேலை இது. இந்தக் கிளப்பின் சாதனை எது என்று யாராவது கேட்டால் கோப்பைகளைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். 1882-ல், டப்ளினைச் சுற்றியுள்ள லெய்ன்ஸ்டர் மாகாணக் கிளப்களுக்கான லெய்ன்ஸ்டர் சீனியர் கோப்பை தொடங்கிய ஆண்டிலேயே டிரினிட்டி அதை வென்றது. நல்ல விஷயம்தான். ஆனால் கோப்பை வருடா வருடம் கைமாறும். எழுதி வைத்த சட்டம் நாடு முழுவதையும் ஒரே ஆட்டம் ஆடவைத்தது.

பாரிங்டனின் பின்வாழ்க்கையையும் அந்தப் பெரியவர்தான் சொன்னார். பாரிங்டன் குடும்பத்துக்கு அயர்லாந்தின் லிமரிக் பக்கம் கிளென்ஸ்டால் என்ற கோட்டை இருந்தது. 1921 மே மாதம், பிரிட்டனுக்கு எதிரான அயர்லாந்தின் விடுதலைப் போரின்போது, ஒரு போலீஸ் அதிகாரியைக் குறிவைத்த தாக்குதலில் அதே காரில் வந்த பாரிங்டனின் மகள் வினிஃப்ரெட் சுடப்பட்டு இறந்தாள். சில ஆண்டுகளில் குடும்பம் அயர்லாந்தை விட்டே போனது. போகும்போது வீட்டைப் புதிய அரசுக்கே கொடுக்க முன்வந்தார் பாரிங்டன். அரசால் அதைப் பராமரிக்கக் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் 1927-ல் அங்கே பெனடிக்டின் சபைத் துறவிகளின் மடம் வந்தது, இன்றும் இருக்கிறது. மகளைப் பறிகொடுத்த நாட்டுக்கே வீட்டைக் கொடுக்க நினைத்த மனிதரை வெறும் ரக்பி கேப்டன் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஐயா, அதைத் தடுத்தது நீங்கள்தான். உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

லான்ஸ்டவுன் சாலை மைதானத்தைச் சுற்றிக் காட்டிய நண்பருக்கும் நன்றி. இன்று அவீவா ஸ்டேடியம் நிற்கும் அந்த இடத்தை விளையாட்டுக்காகக் குத்தகைக்கு எடுத்த ஹென்றி டன்லப் ஒரு டிரினிட்டி மாணவர். 1875-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை எதிர்த்து அயர்லாந்து ஆடிய முதல் சர்வதேச ஆட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் ஸ்டாக்கும் டிரினிட்டிக்காரர்தான். அணிக்கு இருபது பேர் ஆடிய காலம் அது. அயர்லாந்து தோற்றது. அந்த அத்தியாயத்தை எழுதும்போது, திகில் நாவல்களால் புகழ்பெற்ற பிராம் ஸ்டோக்கரும் மாணவராக இந்தக் கிளப்பில் ஆடியவர் என்று நினைவூட்டிய கல்லூரித் தோழிக்கும் ஒரு வணக்கம்.

அப்புறம், கண்டியிலிருந்து வந்து இங்கே குடியேறிய நம் தமிழ் நண்பர். அவர் படித்ததும் ஒரு டிரினிட்டி, கண்டி டிரினிட்டி கல்லூரி. 1945-லிருந்து கொழும்பு ராயல் கல்லூரியோடு பிராட்பி கேடயத்துக்காக மோதும் பள்ளி. ரக்பி அவருக்கு ரத்தத்தில் ஊறியது, எனக்கோ பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதே தெரியாது. கல்லூரி மைதானத்தின் கோட்டோரம் என் பக்கத்தில் நின்று, பந்தைப் பார்க்காதீங்க, ஸ்க்ரம்மில முன்வரிசை ஆளோட காலைப் பாருங்க என்பார். பார்த்தேன். இரு அணியிலும் எட்டு எட்டுப் பேர் தலைகோத்துக் குனிந்து, பந்துக்காக ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருக்க, குளிரில் அவர்கள் முதுகிலிருந்து ஆவி எழும்புகிறது. முன்வரிசைக்காரரின் பூட்ஸ் ஒரு விரற்கடை பின்னால் வழுக்கிய கணத்திலேயே ஸ்க்ரம் யாருக்கு என்று நண்பர் சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் என் ஆட்ட வர்ணனையில் கொஞ்சமாவது உயிர் வந்தது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, முட்கரண்டி போன்ற நீளக் கருவியோடு வந்து, பெயர்ந்த புல்கட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக் காலால் அமுக்கிக்கொண்டே போவாரே, அந்த மைதானப் பணியாளருக்கும் நன்றி. அவரிடம் பேசியபோதுதான் இந்தக் கட்டுரைகளுக்கே ஒரு முதுகெலும்பு கிடைத்தது. பையன்கள் நாலு வருஷம் இருப்பார்கள், போய்விடுவார்கள், திரும்பவும் முதலிலிருந்து பழக்க வேண்டும் என்றார். மாணவர் கிளப்பில் ஆட்டக்காரர்கள் நிரந்தரம் இல்லை. புல்லைப் பார்த்துக்கொள்பவர், கணக்கு எழுதுபவர், பயிற்சியாளர், குழுப்படங்களைப் பத்திரப்படுத்தும் பழைய மாணவர் ஆகியோர்தான் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த மடல் எனக்கு உதவியவர்களுக்கு மட்டுமல்ல, கிளப்பைத் தாங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

என் தெருவில் இருக்கும் ஒரு பாட்டியம்மாவை விடவே முடியாது. 1929-ல் லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் அயர்லாந்து இங்கிலாந்தை 6-5 என்று வென்று அந்த மைதானத்தில் தன் முதல் வெற்றியைப் பெற்றதையும், பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை காட்டி ஏமாற்றுவதில் பேர்போன டிரினிட்டியின் ஸ்க்ரம்-ஹாஃப் (ஸ்க்ரம்மிலிருந்து வரும் பந்தை எடுத்துக் கொடுப்பவர்) மார்க் சக்டெனையும் பற்றித் தன் அப்பா சொன்ன கதைகளை அவர் எனக்குச் சொன்னார். கூடவே, தன் அண்ணனுக்கு டிரினிட்டியில் படிக்க ஆசை இருந்தும் முடியாமல் போனதையும் சொன்னார். கத்தோலிக்கர்கள் தனி அனுமதி இல்லாமல் அங்கே சேரக்கூடாது என்று ஆயர்கள் விதித்திருந்த தடை 1970-ல்தான் நீங்கியது. இந்தக் கிளப்பின் வரலாற்றை எழுதும் எவரும் இதை விட்டுவிட்டு எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு நல்ல ஆட்டக்காரர்கள் இந்த வாசலுக்கு வெளியிலேயே நின்றிருப்பார்கள்! தடை போன பிறகு வந்த தலைமுறையில், 1982-லும் 1985-லும் அயர்லாந்து, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்று டிரிபிள் கிரவுன் பெற்றபோது ஆடிய ஹியூகோ மெக்நீல் டிரினிட்டியில் வளர்ந்தவர்.

இப்போது ஆடும் மாணவ மாணவியருக்கும் என் நன்றி. பயிற்சிக்கும் தேர்வுக்கும் நடுவே நேரம் ஒதுக்கி, என் அரைகுறைக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்னீர்கள். வேலைக்குப் போகும் முதிர்ந்த ஆட்டக்காரர்கள் நிறைந்த கிளப்களோடு மோதி, 2016-ல் அகில அயர்லாந்து லீகின் உச்சப் பிரிவுக்கு ஏறிய கிளப் உங்களுடையது. ரயன் பெய்ர்டும் ஜோ மெக்கார்த்தியும் இங்கிருந்து அயர்லாந்து அணிக்குப் போனார்கள். மெக்கார்த்தி 2025-ல், பிரிட்டன், அயர்லாந்து வீரர்களைச் சேர்த்து அமைக்கும் லயன்ஸ் அணியோடு ஆஸ்திரேலியாவுக்கும் போய்வந்தார். நீங்கள் அவர்கள் பெயரைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் தெரிந்த பெருமையை எழுத்தில் கொண்டுவர என்னால் முடிந்தவரை முயன்றிருக்கிறேன்.

பிழை திருத்திய தம்பிக்கும், சனிக்கிழமை மதியங்களில் வீட்டு வேலையை ஒற்றை ஆளாகத் தாங்கிய என் மனைவிக்கும் தனியாகச் சொல்லிவிட்டேன், இருந்தாலும் இங்கேயும் ஒரு முறை நன்றி.

கடைசியாக ஒரு விஷயம். இரவல் தந்த படங்களையும் ஆட்ட நிகழ்ச்சி நிரல்களையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்பக்கம் பெயர் எழுதாத ஒரு குழுப்படம் மட்டும் என்னிடம் தங்கியிருக்கிறது. கோடு போட்ட ஜெர்சி, முன்வரிசையில் நடுவில் இருப்பவர் மடியில் பந்து. கொடுத்தவர் தகவல் சொன்னால் நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
டப்ளினிலிருந்து உங்கள் நண்பன்