சங்கத்துக் கணினிக்கு எத்தனை சாவி?

சுங்கை சிப்புட்

அன்புள்ள செல்வா,

பேத்திக்குக் காது குத்திய படம் பார்த்தேன். அழுத முகம் அப்படியே உன் அம்மா. இங்கே எல்லாரும் நலம், மழைதான் விட்டபாடில்லை.

நான் ஓய்வு பெற்றது பொறுக்காமல், தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கத்தின் கணினிக் கணக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். உறுப்பினர்களின் ஐசி (அடையாள அட்டை) எண், வங்கிக் கணக்கு, பங்குத்தொகை, கடன், வாரிசு என்று எல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருக்கிறது. உள்ளே நுழைய எல்லாருக்கும் ஒரே பாஸ்வர்ட், அதுவும் திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருக்கிறது. பகுதிநேரமாக வரும் பிள்ளைகூட அட்மின். தலைவரிடம் சொன்னால், "இந்தச் சின்ன ஊருக்கு எந்த ஹேக்கர்யா வரப்போறான்?" என்று சிரிக்கிறார்.

ஹேக்கர் எதற்கு? ஒருவருடைய கடன் பாக்கி நாளைக்கே குறைந்திருந்தால், யார் கைவைத்தது என்று சொல்ல வழியில்லை. எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால் கணினி எழுதி வைக்கும் பதிவிலும் அந்த ஒரே பெயர்தானே இருக்கும்? நம் அப்பா காலத்துத் தோட்டக் கணக்கர், அதான் கிராணி, ஆள் வருகை எழுதும் செக்ரோல் புத்தகத்தைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். எழுத்து மாறினால் கேட்க ஒரே ஆள். அந்த அளவுக்காவது வேண்டாமா? ஆளுக்கொரு கணக்கு, கவுண்டரில் இருப்பவருக்குப் பணம் பதிய மட்டும் அனுமதி, அழிக்கும் உரிமை யாருக்கும் சும்மா கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஐசி எண்ணையே உறுப்பினர் எண்ணாக வைத்திருப்பது இன்னொரு தலைவலி. அதன் 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (நமக்கு 08, பேராக்), கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். அதைப் பட்டியலாக அடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள்! பழைய 7 இலக்க எண்ணில் சேர்ந்த சில பெரியவர்கள் புது எண்ணிலும் பதிவாகி, ஒரே ஆள் இரண்டு ஆளாக நிற்கிறார்கள். சங்கம் தனியாக ஓர் எண் கொடுத்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

பேக்கப் இருக்கிறதாம். எங்கே என்றால் அதே கணினியின் டி டிரைவில். இந்த ஊர் இடி மின்னல் உனக்குத் தெரியாததா? வேறோர் இடத்தில் பிரதி இருந்தாலும் போதாது, அதை எடுத்து ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். 2017 ஜனவரியில் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட, வைத்திருந்த பேக்கப் வழிகள் ஒன்றும் கைகொடுக்கவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியால் ஆறு மணி நேரத் தரவோடு இழப்பு நின்றது. அவ்வளவு பெரிய கணினிக் கூட்டத்துக்கே அந்தக் கதி.

சட்டமும் இறுகிவிட்டது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, கொள்கைகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை என்று உயர்த்தியிருக்கிறார்கள். பெரிய கேடு தரும் கசிவென்றால் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். என்ன கசிந்தது, யார் எடுத்தது என்று தெரியாத சங்கம் எதைத் தெரிவிக்கும்?

தைப்பூசத்துக்கு ஈப்போ வருவாய் அல்லவா, அப்படியே ஒரு நாள் இங்கேயும் வா. என் பேச்சு தலைவர் காதில் ஏறாது. பேங்கில் கம்ப்யூட்டர் பார்த்த ஆள் சொன்னால் கேட்பார். கோலாலம்பூரில் விலை மலிவென்றால் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வா, பணம் வந்ததும் தருகிறேன். ரசீதை மறக்காதே, பொருளாளர் அதில் மட்டும் ரொம்பக் கறார்.

அன்புடன்,
மணியம்