மூக்கு எந்தப் பக்கம் என்று தெரிகிறதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விடுமுறை நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏரோமாடலிங், அதாவது சிறிய மாதிரி விமானங்களைச் செய்து பறக்கவிடுவதை, சொல்லிக்கொடுக்கிறேன். ரிமோட் விமானம் விடுவதற்கான பாதுகாப்பு விதிகளின் வாசகத்தைத் திருத்த வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

2021 டிரோன் விதிகளில் மாதிரி விமானத்துக்கான வரையறையிலேயே, எடை 25 கிலோவைத் தாண்டக் கூடாது, கண்பார்வைக்கு உட்பட்ட தூரத்தில் பறக்க வேண்டும் என்று இருக்கிறது. மைதான அறிவிப்புப் பலகைகளிலும் இதையே 'பார்வைக்கு எட்டும் தூரத்துக்குள் இயக்கப்பட வேண்டும்' என்று எழுதிவைக்கிறார்கள். சட்டத்துக்கு அது போதும். ரிமோட்டைப் பிடித்திருக்கும் பையனுக்குப் போதாது.

போன கோடையில் ஒரு மாணவனின் விமானம் மைதானத்தின் கடைசிக்குப் போய்க் கரும்புள்ளியாகிவிட்டது. திருப்புவதாக நினைத்து ரிமோட்டில் உள்ள குச்சியை வலப்பக்கம் தள்ளினான். அதற்குள் விமானம் அவனை நோக்கித் திரும்பியிருந்தது. எதிரே வரும் விமானத்துக்கு வலது என்பது நமக்கு இடது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலே உரசுவது போல வந்து வேலியில் விழுந்தது. கேட்டதற்கு, "கண்ணுக்குத் தெரிஞ்சுதே சார்!" என்றான். உண்மைதான், விதியை அவன் மீறவில்லை. 'விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல முடிகிற தூரம் வரை மட்டும்' என்று பலகையில் இருந்திருந்தால், அந்தப் புள்ளி வரை விட்டிருக்க மாட்டான். எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

உயரமும் அப்படித்தான். பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதியில், 400 அடி வரை என்கிறார்கள். தரையில் நிற்கும் பிள்ளைக்கு 400 அடி எப்படிப் புரியும்? தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி; அதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு என்றால் உடனே பிடிபடும்.

எனக்கு அதிகம் பயம் தருவது பேட்டரி பற்றிய வரி. 'மின்கலத்தை இணைக்கும்போது தகுந்த எச்சரிக்கை மேற்கொள்ளப்பட வேண்டும்' என்கிறார்கள். தகுந்த எச்சரிக்கை என்றால் என்ன? முதலில் ரிமோட்டை ஆன் செய்யுங்கள். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் குச்சி அடிமட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேட்டரியைச் செருகுங்கள். செருகிய நொடியிலிருந்து புரொப்பெல்லர் எப்போது வேண்டுமானாலும் சுழலும் என்று நினைத்து, முகத்தையும் விரல்களையும் அதற்கு முன்னாலோ பக்கவாட்டிலோ கொண்டுபோகாதீர்கள். இறக்கியபின் பேட்டரியைக் கழற்றிய பிறகே ரிமோட்டை அணையுங்கள். இவ்வளவுதான் விஷயம், இதை இப்படியே எழுதலாமே!

விமானப் போக்குவரத்து அமைச்சகமும் மைதானம் நடத்துகிறவர்களும் ஒரு விதியை அச்சிடும் முன், பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, "இப்போது உன் கை என்ன செய்யும்?" என்று கேட்டுப்பார்க்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் அந்த வரியைத் திரும்ப எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஏரோமாடலிங் பயிற்றுநர் ஒருவர்,
தஞ்சாவூர்