வெள்ளிக்குள் வேறு, வெள்ளி வரை வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் செவ்வாய்க்கிழமை இணைப்பில் வரும் ஆங்கிலப் பகுதியை நாலு வருஷமாக வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறேன். இரண்டு நோட்டு நிரம்பிவிட்டது. போன வாரம் 'யுபிக்விடஸ்', 'செரண்டிபிட்டி' என்று ஐந்து சொற்கள் கொடுத்திருந்தீர்கள். அழகான சொற்கள்தான். அவற்றை எழுதி அனுப்ப எனக்குத்தான் இன்னும் ஒரு ஆள் அமையவில்லை.

நான் கரூரில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறேன். கிச்சன் டவல், ஏப்ரன், தலையணை உறை. செக்கிங்கில் சேர்ந்தவளை ஆபீசுக்கு மாற்றினார்கள். இப்போது பையர்களுக்கு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு, மெயில் போடுவது என் பொறுப்பு. படித்தது பிளஸ் டூ, தமிழ் மீடியம்.

ஆபீசுக்கு வந்த புதிதில் ஜெர்மனி பையர் ஒருவர், சாம்பிள் எப்போது வரும் என்று கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை வரை டைம் இருக்கிறதே என்ற நினைப்பில் 'வீ வில் சென்ட் தி சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே' என்று அடித்து அனுப்பிவிட்டேன். 'ஒரு தடவை அனுப்பினால் போதுமே, எதற்கு வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள்?' என்று பதில் வந்தது. ஆபீஸே சிரித்தது. எங்கள் கணக்குப்பிள்ளை அண்ணன் மட்டும் சிரிக்காமல், "வெள்ளிக்குள்ளன்னா 'பை', வெள்ளி வரைக்கும்னா 'அன்டில்'. அவ்வளவுதாம்மா" என்றார். அன்றோடு அந்தத் தப்பு போயிற்று.

அதற்கு முன் மூன்று மாதம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போயிருந்தேன். அங்கே தமிழில் ஒரு வார்த்தை பேசினால் அஞ்சு ரூபாய் அபராதம். ஃபீஸ் போக அபராதமாகவே நூற்றைம்பது ரூபாய் அழுதிருப்பேன். ஆங்கிலத்திலேயே நினை என்பார்கள். வீட்டில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டு எதை ஆங்கிலத்தில் நினைப்பது?

என் அண்ணன் மகள் போனில் ஒரு தேர்வு வைத்துப் பார்த்தாள். 'பிரீ இன்டர்மீடியட்' என்று வந்தது. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். அதில் ஏ2 முடிந்து பி1-இல் கால் வைக்கும் இடம் என்னுடையதாம். விலை கேட்கலாம், வழி கேட்கலாம். நேற்று சரக்கு ஏன் போகவில்லை என்று காரணம் சொல்லப் போனால் நாக்கு கட்டிக்கொள்ளும். உங்கள் பகுதியில் ஒன்று 'வாட் இஸ் யுவர் நேம்' இருக்கிறது, இல்லாவிட்டால் 'செரண்டிபிட்டி' இருக்கிறது. இந்த இடம் இல்லை.

இந்த இடத்தில் எங்களுக்குக் கை கொடுப்பது தமிழ்தான். '12 வருஷமா' என்றால் 'ஃபார்', '2013-லிருந்து' என்றால் 'சின்ஸ்'. தமிழிலேயே பிரித்து வைத்திருக்கிறோம். 'சாம்பிள் அனுப்பினேன்' என்பதற்கும் 'சாம்பிளை அனுப்பினேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தானாகவே தெரியும். இரண்டாவதில், எந்த சாம்பிள் என்று கேட்பவருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அங்கே பெரும்பாலும் 'தி' வந்து உட்கார்கிறது. நம்ம 'ஐ' உருபு பாதி வழி கூட்டிப் போகிறது என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன். கொஞ்சம் பெருமை.

தமிழ் காலை வாருகிற இடமும் உண்டு. அதையும் சொல்லித் தரவேண்டும். 'பையர் நேத்து மெயில் போட்டிருக்கார்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதை அப்படியே 'ஹேஸ் சென்ட் யெஸ்டர்டே' என்று எழுதினால் தப்பு. 'யெஸ்டர்டே' வந்துவிட்டால் வெறும் 'சென்ட்'தான். தப்பு 'பண்ணுவது' நம் வழக்கம் என்பதால் 'வீ டிட் எ மிஸ்டேக்' என்று ஒரு வருஷம் எழுதினேன். அவர்களுக்கு அது 'மேட்'. காபி, கையெழுத்து, சண்டை எல்லாவற்றையும் நாம் 'போடுகிற' மாதிரி, எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதற்கு அங்கேயும் காரணம் கிடையாது. ஜோடியாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். வாரம் ஐந்து தனிச்சொல்லுக்குப் பதில் ஐந்து ஜோடி போடுங்கள். கூடவே இப்படிப்பட்ட ஒரு தப்பையும், தமிழில் விளக்கி.

முதல் கேள்வியை நானே அனுப்புகிறேன். போன வாரம் அனுப்பிய மெயில் இது: 'தி கார்கோ வில் ரீச் தி தூத்துக்குடி போர்ட் ஆன் தி மண்டே.' இதில் எந்த 'தி' வேண்டாதது? மேனேஜர் இரண்டு என்கிறார், அண்ணன் மகள் ஒன்று என்கிறாள்.

இப்படிக்கு,
நோட்டில் ஒட்டும் வாசகி,
வெங்கமேடு, கரூர்.