அக்காவுக்கு, சில்லைக் கூண்டின் பக்கத்திலிருந்து

பிரிஸ்பேன்
ஜூலை, ஞாயிறு மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் போனில் "வாயில்லா ஜீவனை அடைத்து வைத்து அழகு பார்க்கிறாயா, உனக்கு எப்போது வந்தது இந்தப் புத்தி?" என்று கேட்டாய். சிக்னல் போய்விட்டது என்று நான் சொன்னது பொய். பதில் வாயில் வரவில்லை, வைத்துவிட்டேன். எழுதினால் நடுவில் குறுக்கிட மாட்டாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், இந்தச் சில்லைக் குருவிகளை வாயில்லா ஜீவன் என்று யார் சொன்னது? விடிவதற்குள் ஆரம்பித்துவிடும். இரவு ஷிப்ட் முடித்து வந்து படுக்கிற எனக்குத்தான் அந்த வாயின் அருமை தெரியும்.

நீ நினைக்கிற மாதிரி வாசலில் தொங்குகிற கூண்டு இல்லை இது. இங்கே ஏவியரி என்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், உள்ளே நான் நிமிர்ந்து நடக்கலாம். மண் தரை, புல், இரண்டு புதர், காய்ந்த கிளைகள். பாதிக்கு மேல் கூரை, மீதி வலை. மழை பெய்தால் நனைய நினைக்கிறவை வெளியே வந்து நனையும், மற்றவை கூரைக்கடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

இதைக் கட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் போகும்போது "இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் வைத்துவிடு" என்றார். நாலு வருஷம் ஆகிறது. கூண்டையே பெயர்த்து என் பக்கம் வைத்துக் கொடுத்துவிட்டு, இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்கிறார். மறுபடி நிறுத்தும்போது நான் திறந்த பக்கத்தைத் தெற்கே வைக்கப் பார்த்தேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். பூமியின் இந்தப் பாதியில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகிறது, அக்கா. தெற்கிலிருந்து வருவது குளிர்காற்று. வந்து இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அது உறைக்கவில்லை, ஒரு கூண்டு நிறுத்தப் போய்த்தான் புரிந்தது.

சரி, பறவைகளுக்கு வருகிறேன். ஃபிஞ்ச் என்று இவர்கள் வளர்ப்பதில் பெரும்பாலானவை நாம் சில்லை என்கிற கூட்டம்தான். குட்டை அலகு, தானியம் தின்னும், கைக்குள் அடங்கும். அதில் அரசன் கூல்டியன் ஃபிஞ்ச். வடக்கு ஆஸ்திரேலியாவின் புல்காடுகளில் மட்டும் இருக்கிற பறவை. பச்சை முதுகு, ஊதா மார்பு, மஞ்சள் வயிறு, முகத்தைச் சுற்றி இளநீலக் கோடு. குழந்தை கையில் வர்ணப்பெட்டி கிடைத்து எல்லாவற்றையும் பூசின மாதிரி இருக்கும். 1844-இல் இதை விவரித்து எழுதிய ஜான் கூல்ட், மூன்று வருஷம் முன்பு இறந்துபோன தன் மனைவி எலிசபெத்தின் நினைவாகப் பெயர் வைத்தார். அவருடைய பறவைப் புத்தகங்களுக்கு ஏராளமான படங்கள் வரைந்தவர் அந்த அம்மாதான். பிரசவத்துக்குப் பிறகு போய்விட்டார்.

முகம் மூன்று நிறத்தில் வரும். காட்டில் பெரும்பாலும் கறுப்பு, நாலில் ஒன்று என்கிற கணக்கில் சிவப்பு, எப்போதாவது ஆயிரக்கணக்கில் ஒன்று மஞ்சள். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று. கறுப்பு முக ஆணையும் சிவப்பு முகப் பெட்டையையும் சேர்த்தால், பிறக்கிற ஆண் எல்லாம் அம்மா மாதிரி சிவப்பு, பெண் எல்லாம் அப்பா மாதிரி கறுப்பு. மனிதர்களில் எக்ஸ், ஒய் என்று படித்தோமே, பறவைகளில் அது தலைகீழ்: குஞ்சு ஆணா பெண்ணா என்பதைப் பெட்டைதான் தீர்மானிக்கிறது. சிவப்புக்கான மரபணு ஆண் பெண்ணைத் தீர்மானிக்கிற குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது, அம்மாவிடமிருந்து அது மகன்களுக்கு மட்டும் போகும். "பெண் பிறந்தால் பெண்டாட்டியைத் திட்டுகிறவர்களெல்லாம் கூல்டியன் வளர்க்கட்டும்" என்று மாமாவிடம் சொல், சிரிப்பார்.

ஆனால் நிறம் மாற்றிச் சேர்ப்பது நல்லதில்லையாம். அப்படிப்பட்ட ஜோடியில் பெண் குஞ்சுகள் அதிகம் இறக்கின்றன, பெட்டைக்கே அது எப்படியோ தெரிந்து ஆண் குஞ்சுகளையே அதிகம் பெறுகிறது என்று 2009-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. என் கலப்பு ஜோடிக்கு ஆறு குஞ்சு பிழைத்ததில் ஒன்றே ஒன்றுதான் பெட்டை. ஆறை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஆனாலும் இந்த வருஷம் சிவப்பைச் சிவப்போடு விட்டேன்.

குஞ்சு பொரிக்க வைப்பது நாம் செய்கிற வேலை இல்லை, அக்கா. நாம் செய்வது இடைஞ்சல் செய்யாமல் இருப்பது. பெட்டையின் அலகு கறுத்துவந்தால் தயார் என்று அர்த்தம். காட்டில் இவை மரப்பொந்தில் முட்டையிடுகிறவை, அதனால் கூரைக்கடியில் உயரமாக மரப்பெட்டிகள் மாட்டியிருக்கிறேன். ஐந்தாறு முட்டை, பகலில் ஆணும் பெட்டையும் மாறி மாறி அடை, இரண்டு வாரத்தில் பொரிக்கும். பிறந்த குஞ்சைப் பார்த்தால் உனக்கு அருவருப்பாக இருக்கும். உடம்பில் மயிரே இல்லை, வாய் ஓரத்தில் மட்டும் நீல மணிகள். டார்ச் அடித்தால் பளிச்சென்று மின்னும். இருட்டுப் பொந்துக்குள் இரையை எங்கே வைப்பது என்று அம்மாவுக்கு அடையாளம்.

சாப்பாடு தினை, பனிவரகு. இங்கே கடையில் பானிக்கம் என்று கேட்டால் எடுத்துத் தருவது நம் தினைதான், பார்த்த அன்றைக்குச் சிரித்துவிட்டேன். குஞ்சு இருந்தால் முளைகட்டியது வேண்டும், கதிர் பிடித்த பச்சைப் புல் வேண்டும். ரயில் பாதை ஓரம் காடாக வளர்ந்திருக்கும் கினிப்புல்லை அரிவாளோடு போய் அறுத்து வருகிறேன். படித்துப் பட்டம் வாங்கி ஆஸ்திரேலியா வந்து புல் அறுக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே. கால்சியத்துக்குக் கணவாய் ஓடு, வறுத்துப் பொடித்த முட்டை ஓடு.

இரவில் கூண்டருகே நின்று காதைக் கொடுத்துக் கேட்பது ஒரு பழக்கம். மூச்சோடு 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் நுரையீரலை ஒட்டிய காற்றுப்பையில் சிற்றுண்ணி பிடித்துவிட்டது. பிடரித் தோலில் ஒரு சொட்டு மருந்து வைக்க வேண்டும், தாமதித்தால் போய்விடும்.

நடந்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெருமை பேசின மாதிரி ஆகிவிடும். முதல் வருஷம் வலைக்கண் 12 மில்லிமீட்டர். ஒரு காலையில் போனால் கிளையில் ஒரு மலைப்பாம்புக் குட்டி, கார்பெட் பைத்தான் என்பார்கள், விஷமில்லை. விரல் தடிமனில் உள்ளே வந்தது நாலு பறவையை விழுங்கிவிட்டு, வயிறு பெருத்ததால் வந்த வழியே போக முடியாமல் சுருண்டு கிடக்கிறது. எனக்குக் கை நடுங்கியது. அதை அடிக்கவும் கூடாது, பாம்புகள் இங்கே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. பாம்பு பிடிக்கிற ஆளை வரவழைத்து வழியனுப்பி வைத்தேன். அப்புறம் இரண்டு வார விடுமுறையை முழுங்கி, சுற்றிலும் 6 மில்லிமீட்டர் வலை அடித்தேன். எலி தோண்டாமல் இருக்கச் சுற்றிலும் தரைக்குக் கீழே கான்கிரீட் போட்டிருந்த பெரியவர், பாம்பை மட்டும் எப்படி மறந்தார் என்று கேட்டேன். "என் காலத்தில் என்னிடம் பூனை இருந்தது" என்றார்.

போன ஜூலைதான் அதைவிட மோசம். கூல்டியன் தாய், குஞ்சுக்குப் பத்து நாள் ஆனதும் இரவில் அணைத்துப் படுப்பதை விட்டுவிடும். உடம்பில் இறகு முளைத்திருக்காது. அவற்றின் சொந்த நாட்டில் இரவு அவ்வளவு குளிராது, அங்கே அது சரி. இங்கே அன்றைக்கு நாலு டிகிரி. மூன்று குஞ்சு, காலையில் கல் மாதிரி கிடந்தன. பொரித்த தேதி என் நோட்டில் இருந்தது. கணக்குப் பார்க்காமல் ஷிப்டுக்குப் போனது நான்தான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். இந்தக் கூல்டியன்கள் காட்டிலிருந்து பிடித்தவை இல்லை, தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை. திறந்துவிட்டால் பருந்து என்றால் என்ன என்றுகூடத் தெரியாது. ஆனால் இவற்றின் முன்னோரைக் காட்டில்தான் யாரோ பிடித்தார்கள், அதை நான் மறுக்க முடியாது. 1960-இல் ஆஸ்திரேலியா ஏற்றுமதியை நிறுத்தும் வரை கப்பல் கப்பலாகப் போயின. காட்டில் இன்று மிஞ்சியிருப்பது மிகக் குறைவு. உன் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு நான் வலை அடித்தும் புல் அறுத்தும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கூண்டின் கோடியில் இன்னொரு ஜோடி இருக்கிறது. பெரியவர் அதை ஸ்ட்ராபெரி ஃபிஞ்ச் என்றபோது நான் தலையாட்டிவிட்டேன். ஆறு மாதம் கழித்துத்தான் உற்றுப் பார்த்தேன். அக்கா, அது சிவப்புச் சில்லை! சின்ன வயதில் ஏரிக்கரைக் கோரையில் "மிளகாய்ப்பழம் பறக்குது" என்று நீ காட்டினாயே, அதே குருவி. உடம்பெல்லாம் சிவப்பு, மேலே வெள்ளைப் புள்ளி. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடித்து வைத்தால் வனத்துறை வாசலில் நிற்கும். அந்தக் காலத்தில் அகமதாபாத் வழியாக ஏற்றுமதியானதால், அந்த ஊர்ப்பெயர்தான் திரிந்து அதன் அறிவியல் பெயரில் அமந்தவா என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது வெளியிலிருந்து குருவி கொண்டுவர இங்கே அனுமதியில்லை, ஆகவே இது என்றோ வந்த குடும்பத்தின் வாரிசு. என்னைவிட மூத்த குடியேறி.

முதல் வருஷம் ஆண் நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்டது. நோய் என்று பதறி மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒன்றுமில்லையாம். இந்தச் சில்லை மட்டும் இனப்பெருக்கக் காலம் முடிந்தால் சிவப்புச் சட்டையைக் கழற்றி வைத்துவிடுமாம். மறுபடி போட்டுக்கொண்டு, கோடை முடிகிற நேரத்தில்தான் கூடு கட்டும். நான் கரையான் பொறுக்கித் தர வேண்டும், குஞ்சுக்குப் பூச்சி இல்லாமல் ஆகாது. இதுவரை இரண்டு தடவை முட்டையிட்டு இரண்டு தடவையும் கைவிட்டுவிட்டன.

நீ மாலையில் ஏரிப் பக்கம் நடக்கப் போகிறாய் அல்லவா, அங்கே இன்னும் அவை இருக்கின்றனவா என்று பார்த்து எழுது. எந்த மாதத்தில் எந்தப் புல்லில் கூடு கட்டுகின்றன, கூட்டுக்குள் என்ன விரிக்கின்றன என்று பார். பக்கத்தில் போகாதே, தூரத்திலிருந்து பார்த்தால் போதும். பெரியவரிடம் இதற்கு விடை இல்லை.

மணி ஐந்தாகிவிட்டது, வெயில் இறங்குகிறது. மேல் பெட்டியில் இன்று குஞ்சுகளுக்கு ஒன்பதாம் நாள். இரவு ஐந்து டிகிரி என்கிறார்கள், கோணி எடுத்துப் பெட்டிமேல் போட வேண்டும். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி